பழைய பேலட் மரத்தில் வீட்டுச் சாமான்கள் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டின் மரத்தில் மேசையோ பெஞ்சோ செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள்: எந்த வடிவம், எந்த வார்னிஷ் என்று. ஆனால் பேலட்டைத் தேர்ந்தெடுப்பது, பலகை சிதையாமல் பிரிப்பது, உலர்த்துவது ஆகிய மூன்றும் ஒழுங்காக நடந்திருந்தால்தான் அதன்பின் செய்யும் சாமான் நிற்கும். ஆகவே கீழே உள்ள விடைகளில் இந்த மூன்றுக்கும் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

பேலட்டில் எந்த மரம் இருக்கும்? அது சாமான் செய்யத் தகுந்ததா?

சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்குவதற்காகச் செய்யப்படும் பேலட்டுக்கு, செய்யும் இடத்தில் எது மலிவோ அந்த மரத்தையே பயன்படுத்துகிறார்கள். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் மிகப் பரவலாக வரும். ஓக், பாப்லர், தைலமரம், ரப்பர் மரம் ஆகியவையும் வரும். ஒரே பேலட்டில் இரண்டு மூன்று வகை மரங்கள் கலந்திருப்பது சாதாரணம். பலகையைக் கையில் தூக்கிப் பார்த்து, விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாலே மென்மரமா கடின மரமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். கடின மரத்தை மேசையின் மேற்பரப்புக்கும் கால்களுக்கும் ஒதுக்கி, மென்மரத்தை அலமாரி, பெட்டி போன்ற தேய்மானம் குறைந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அமைப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூன்று கனமான சட்டங்கள் தம் குறுகிய விளிம்பின் மேல் நிமிர்ந்து நிற்க, அவற்றின் மேலும் கீழும் பலகைகள் அறையப்பட்டிருக்கும். இன்னொன்றில் சட்டங்களுக்குப் பதிலாக ஒன்பது கட்டைகள் இருக்கும். ஐரோப்பியப் பேலட் இரண்டாம் வகை: 1200 மி.மீ. நீளம், 800 மி.மீ. அகலம், 144 மி.மீ. உயரம், 11 பலகைகள், 9 கட்டைகள், 78 ஆணிகள், ஏறத்தாழ 25 கிலோ எடை. வட அமெரிக்காவில் பரவலான அளவு 48 க்கு 40 அங்குலம். சாமான் செய்பவருக்குச் சட்ட வகையே லாபம். அந்தச் சட்டங்கள் கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் அப்படியே உதவும். கட்டை வகையில் சில கட்டைகள் மரத்தூளை அழுத்திச் செய்தவையாக இருக்கும். அவற்றில் திருகாணி பிடிக்காது, ஈரம் பட்டால் உப்பிவிடும்.

பேலட்டின் மேல் இருக்கும் முத்திரையை எப்படிப் படிப்பது?

நாடு விட்டு நாடு செல்லும் மரப் பொதிகளோடு மரப்பூச்சிகளும் பயணம் செய்கின்றன. கிழக்காசியாவைச் சேர்ந்த நீளக்கொம்பு வண்டு ஒன்று 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மரப் பொதிகள் வழியாகவே வந்தது என்பது பொதுக் கருத்து. இத்தகைய பரவலைத் தடுக்க, பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2002-இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதிமுறை ஏற்கப்பட்டது. அதன்படி பதப்படுத்தப்பட்ட மரத்தில் கோதுமைக் கதிர் வடிவமும், ஐ.பி.பி.சி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கொண்ட முத்திரை இருக்கும். அதன் பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், தயாரித்தவருக்கு அளிக்கப்பட்ட எண், பதப்படுத்திய முறையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் ஆகியவை வரும்.

நீங்கள் தேட வேண்டியது அந்தக் கடைசி இரண்டு எழுத்துகளைத்தான். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் தொடர்ந்து ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். இதில் வேதிப்பொருள் எதுவும் இல்லை. டி.எச். என்பதும் வெப்ப முறைதான்; மைக்ரோவேவ் போன்ற அலைகளால் 60 டிகிரிக்குச் சூடாக்குவது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. எஸ்.எஃப். என்றால் சல்ஃபியூரில் ஃபுளூரைடு என்ற வேறொரு வாயு.

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் பெரும்பாலான பயன்பாடுகளிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. பயிர்நோய்த் தடுப்புக்கான புகையூட்டலுக்கு மட்டும் விலக்கு தொடர்கிறது. வாயுவின் பெரும்பகுதி காலப்போக்கில் மரத்திலிருந்து வெளியேறிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் வீட்டுக்குள் வைக்கப்போகும், அறுத்துத் தேய்த்துத் தூசி கிளப்பப்போகும் மரத்தில் அந்த ஐயத்தை ஏற்க வேண்டிய தேவையே இல்லை. எச்.டி. முத்திரை உள்ள பேலட்டுகள் தாராளமாகக் கிடைக்கும்போது எம்.பி. முத்திரை உள்ளதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

முத்திரையே இல்லையென்றால்?

உள்நாட்டுக்குள் மட்டும் பயன்படுத்தப்படும் பேலட்டுகளுக்கு அந்த முத்திரை கட்டாயமில்லை. ஆகவே முத்திரை இல்லாததாலேயே ஒரு பேலட் ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. அது எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்தது என்பதை அதைக் கொடுப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஓடுகளையோ காகிதக் கட்டுகளையோ சுமந்த பேலட்டும் பூச்சிமருந்துப் பீப்பாய்களைச் சுமந்த பேலட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வரலாறு தெரியாத, முத்திரையும் இல்லாத பேலட்டை எடுக்காதிருப்பதே என் பரிந்துரை.

வேறு எதைப் பார்த்து ஒரு பேலட்டை ஒதுக்க வேண்டும்?

எண்ணெய்க் கறை, பிசுபிசுப்பு, நிறம் மாறிய திட்டுகள், காரமான அல்லது மருந்து நெடி, இறைச்சி மீன் போன்றவை ஒழுகிய தடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். மரம் திரவத்தை உறிஞ்சிவிட்ட பிறகு மேற்பரப்பைத் தேய்ப்பதால் அது போகாது. மூக்கை நம்புங்கள்: வெயிலில் சிறிது நேரம் வைத்து முகர்ந்தால், குளிர்ந்த நிழலில் தெரியாத நெடியும் தெரியவரும்.

நீலமும் சாம்பலும் கலந்த கோடுகள் பைன் மரத்தில் தெரிந்தால் அது நிறத்தை மட்டும் மாற்றும் ஒருவகைப் பூஞ்சையின் வேலை. வலிமை பெரிதாகக் குறையாது, சிலர் அந்த நிறத்தை விரும்பியே தேடுகிறார்கள். ஆனால் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தும்போது மரம் பஞ்சுபோல் உள்வாங்கினால் அது மக்கத் தொடங்கிய மரம். அதைக் காப்பாற்ற முடியாது.

கடைக்குப் பின்னால் கிடக்கும் பேலட்டை எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். வெளியே கிடப்பதெல்லாம் கழிவு என்று எண்ணுவது தவறு. நீல நிறம் பூசிய செப் நிறுவனப் பேலட்டுகளைப் போலச் சில நிறப் பேலட்டுகள் வாடகைக்கு மட்டும் விடப்படுபவை. அவற்றை யார் கையில் வைத்திருந்தாலும் உரிமை அந்த நிறுவனத்துக்கே. கடைக்காரர் தருகிறேன் என்றாலும் அவரால் அதைத் தர முடியாது. நிறம் பூசாத, ஒருமுறை மட்டும் பயன்படுத்திக் கைவிடப்படும் பேலட்டுகளே நமக்கு உரியவை. சிறிய கிடங்குகளுக்கு அவற்றை அப்புறப்படுத்துவதே ஒரு சுமை என்பதால், கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்கள்.

பலகை பிளக்காமல் பேலட்டைப் பிரிப்பது எப்படி?

பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். காரணத்தைப் புரிந்துகொண்டால் வழியும் புலப்படும். பேலட் ஆணிகள் வழவழப்பான ஆணிகள் அல்ல; அவற்றின் உடலில் வளையங்களோ முறுக்கோ இருக்கும். பலகை கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அவை அப்படிச் செய்யப்படுகின்றன. இதற்கு மேல், பலகையின் முனையில் ஆணிகள் நெருக்கமாக அறையப்பட்டிருப்பதால், கடப்பாரையை ஒரு முனையில் கொடுத்து நெம்பும்போது ஆணி வருவதற்கு முன்பே மரம் பிளந்துவிடுகிறது.

இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன. முதலாவது, ஆணியைப் பிடுங்காமல் அறுத்துவிடுவது. முன்னும் பின்னும் இயங்கும் மின்வாளில் இரும்பை அறுக்கும் நீளமான பிளேடைப் பொருத்தி, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடுக்கில் செலுத்தி ஆணிகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். இடுக்கு போதவில்லை என்றால் ஒரு மெல்லிய ஆப்பை அடித்துச் சற்றுத் திறந்துகொள்ளலாம். பலகை முழுதாக வரும். ஆணித்தலை பலகையிலேயே தங்கும். அந்தத் தலைகள் அழகுக்காக இருக்கலாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பின்பக்கத்திலிருந்து துளையாணியால் தட்டி வெளியேற்றுங்கள்.

இரண்டாவது வழி, மின்சாரம் தேவைப்படாதது. சட்டத்தை இருபுறமும் அணைத்து, பலகையை ஒரே நேரத்தில் மேல்நோக்கித் தள்ளும் இரட்டைக் கவை கொண்ட நெம்புகோல் ஒன்று பேலட் பிரிப்பதற்கென்றே விற்கப்படுகிறது. விசை ஆணியின் இரு பக்கமும் சமமாகப் பரவுவதால் பலகை பிளப்பது மிகவும் குறைகிறது. எல்லா ஆணிகளையும் ஒரே மூச்சில் பிடுங்க வேண்டாம். நடுச்சட்டத்தில் சிறிது, பிறகு ஓரச்சட்டங்களில் சிறிது என்று மாறி மாறி உயர்த்தி வாருங்கள்.

இவை இரண்டும் இல்லாதவர், ஓரச்சட்டத்தின் உள்விளிம்போடு ஒட்டிப் பலகைகளை வட்ட ரம்பத்தால் அறுத்து, நடுச்சட்டத்திலிருந்து மட்டும் நெம்பி எடுக்கலாம். பலகை சிறிது குட்டையாகும். ஆனால் முனை ஆணிகளோடும் பிளவுகளோடும் போராட வேண்டியிராது. எல்லா முறைகளிலும் கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும், தடித்த உள்ளங்கால் கொண்ட காலணியும் வேண்டும். பேலட் பிரிக்கும் தரையில் ஆணி மேல்நோக்கிய பலகைகள் கிடக்கும். எடுக்கும் ஒவ்வொரு பலகையிலும் ஆணியை அப்போதே நீக்கிவிடுவது அல்லது மடக்கிவிடுவது நல்ல பழக்கம்.

பிரிக்காமல் அப்படியே அடுக்கி இருக்கையாக்கலாமா?

ஆக்கலாம். ஐரோப்பியப் பேலட்டுகள் மூன்றை அடுக்கினால் 43.2 செ.மீ. உயரம் வரும், அது நாற்காலியின் வழக்கமான இருக்கை உயரம். மெத்தை போடுவதாக இருந்தால் இரண்டு போதும்: 28.8 செ.மீ. மேல் 15 செ.மீ. மெத்தை. ஆனால் 80 செ.மீ. ஆழம் உட்காருவதற்கு அதிகம். முதுகுக்குத் தடிமனான திண்டு வைத்தோ, பேலட்டை அறுத்துக் குறைத்தோ 50 முதல் 60 செ.மீ. ஆக்க வேண்டும். அடுக்குகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைப்பது கட்டாயம். முழுப் பேலட்டிலும் எல்லா விளிம்புகளையும் தேய்த்து மழுக்காமல் விட்டால் சிராய் ஏறும்.

மரத்தை உலர்த்த வேண்டுமா? வெப்பமூட்டிய மரம் ஏற்கெனவே உலர்ந்ததுதானே?

இல்லை. எச்.டி. முத்திரை பூச்சிகளைக் கொன்றதற்கான சான்று மட்டுமே. ஈரப்பதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பச்சை மரத்தில் செய்து, சூடாக்கி, மழையில் நின்ற பேலட்டும் அதே முத்திரையோடு வரும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளியில் கிடந்த பேலட்டில் அது 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம்.

ஈர மரத்தில் செய்த மேசை வீட்டுக்குள் வந்தபின் சுருங்கும். மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் அகலவாக்கில் அதிகமாகவும் சுருங்குவதால், இணைப்புகள் விலகும், பலகைகள் கிண்ணம்போல் வளையும், திருகாணிகள் தளரும். இதற்குச் செலவில்லாத தீர்வு பொறுமைதான். பிரித்த பலகைகளைக் காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே தடிமனுள்ள குச்சிகளை நேர்மேல் நேராக வைத்து அடுக்கி, மேலே கனத்தை ஏற்றுங்கள். பேலட் பலகைகள் மெல்லியவை என்பதால் சில வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும். ஈரப்பதமானி இல்லாதவர்கள் ஒரு பலகையைக் குறித்துவைத்து வாரம் ஒருமுறை எடை போடலாம். எடை குறைவது நின்றால் மரம் அந்த இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. கடைசி ஒரு வாரமாவது சாமான் வைக்கப்போகும் அறையிலேயே பலகைகளை வைத்திருங்கள்.

சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிகின்றன. என்ன செய்வது?

பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பூச்சி வெளியேறியிருக்கலாம். பலகையைத் தட்டிச் சுத்தமாக்கியபின் மீண்டும் புதிதாக மெல்லிய தூள் உதிர்ந்தால் உள்ளே புழு இன்னும் இருக்கக்கூடும். அந்தப் பலகையை மற்ற மரங்களிலிருந்தும் வீட்டிலிருந்தும் உடனே விலக்கி வையுங்கள். ஒரு பலகைக்காக வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களைப் பணயம் வைப்பது தகாது. ஐயம் உள்ள, ஆனால் விட மனமில்லாத பலகைகளுக்கு, வார்னிஷ் பூசுவதற்கு முன் போரேட் (மரப்பூச்சிகளைக் கொல்லும் போரான் உப்பு) கரைசலைப் பூசி ஊறவிடுவது பலன் தரும். பூச்சு ஏறிய மரத்துக்குள் அது இறங்காது.

எந்தக் கருவிகள் அவசியம்?

அளவுநாடா, மூலைமட்டம், கைரம்பம் அல்லது வட்ட ரம்பம், டிரில், தேய்க்கும் கருவி, நான்கு கிளாம்புகள். இவற்றில் மூலைமட்டத்துக்குக் கொடுக்கும் காசு ஒருபோதும் வீணாகாது. பேலட் பலகைகளில் எதுவும் நேராக இருக்காது என்பதால், பலகையின் ஓரத்தை நம்பி அளந்தால் தவறு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும்.

இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் எதில் கவனம் வேண்டும்?

முதலில் உலோகத்தில். உள்ளே முறிந்து தங்கிய ஆணித்துண்டு இழைப்பு இயந்திரத்தின் கத்தியைக் கெடுத்துவிடும். தெறித்து முகத்தைத் தாக்கவும் கூடும். வலுவான காந்தத்தை ஒவ்வொரு பலகையின் இருபுறமும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பலகையில் ஒட்டியிருக்கும் மணலும் கத்தியை மழுக்கும் என்பதால் கம்பித் தூரிகையால் முதலில் தேய்த்துவிட வேண்டும்.

பிறகு தூசியில். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 அல்லது அதற்கு இணையான முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். உப்புத்தாளில் 60 அல்லது 80-இல் தொடங்கி, 120, பின் 180 என்று ஏறினால் போதும். எல்லாக் கறையையும் ஆணித்தடத்தையும் தேய்த்தே போக்கிவிட வேண்டும் என்று முனைந்தால் மரம் மெலிந்து, புதுப் பலகையின் மங்கலான நகலாகிவிடும். கைபடும் இடங்களை மழமழப்பாக்கி, மற்ற இடங்களில் பழமையின் அடையாளங்களை விட்டுவிடுவதே இந்த மரத்துக்குப் பொருத்தம்.

முதல் முறையாகச் செய்பவர் எதில் தொடங்கலாம்?

பெஞ்சு அல்லது சிறு மேசை. பெஞ்சுக்கு 43 முதல் 46 செ.மீ. உயரமும், சோபா முன் வைக்கும் சிறு மேசைக்கு 40 முதல் 45 செ.மீ. உயரமும், உணவு மேசைக்கு 73 முதல் 76 செ.மீ. உயரமும் வசதியானவை. புத்தக அலமாரி செய்தால், 18 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள மென்மரப் பலகையில் தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையே 60 அல்லது 70 செ.மீ.-க்கு மேல் விடாதீர்கள். புத்தகத்தின் கனத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிடும். கதவும் இழுப்பறையும் துல்லியமான, நேரான மரத்தைக் கேட்பவை. அவை பின்னால் வரட்டும்.

செய்து முடித்த சாமான் ஏன் ஆடுகிறது?

காலையும் குறுக்குச் சட்டத்தையும் திருகாணியால் மட்டும் இணைத்த நாற்கோண அமைப்பு பக்கவாட்டு விசைக்குச் சாய்ந்துகொடுக்கும். ஒரு மூலைவிட்டச் சட்டமோ, முதுகுப் பலகையோ, காலின் கீழ்ப்பகுதியில் ஓடும் இன்னொரு குறுக்குச் சட்டமோ சேர்த்தால் ஆட்டம் நிற்கும். இன்னொரு காரணம், பலகையின் வெட்டுமுனைக்குள் நீளவாக்கில் திருகாணி ஏற்றுவது. அங்கே நார்களுக்கு இடையே நுழையும் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு. முடிந்த இடமெல்லாம் நார்களுக்குக் குறுக்காக ஏற்றுங்கள். 4 மி.மீ. திருகாணிக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., கடின மரத்தில் 3 மி.மீ. முன்துளை போடுங்கள். உலர்ந்த பேலட் மரம் முன்துளை இல்லாமல் ஏறும் திருகாணிக்குப் பிளந்துவிடும். மரப்பசையும் சேர்த்து, கிளாம்பில் இறுக்கி ஒரு நாள் விட்டால் இணைப்பு முழு வலிமை பெறும்.

மேசையின் மேற்பரப்பை மட்டும் அடிச்சட்டத்தோடு பசைபோட்டு ஒட்டக் கூடாது. 90 செ.மீ. அகலமுள்ள பரப்பு, ஈரப்பதம் 4 சதவீதம் மாறும்போது 5 முதல் 9 மி.மீ. வரை விரியவோ சுருங்கவோ கூடும். அடிச்சட்டத்தில் நீள்துளையிட்டு, வாஷரோடு திருகாணி போட்டால் அந்த அசைவுக்கு இடம் கிடைக்கும்.

எந்தப் பூச்சு நல்லது?

தண்ணீரும் சூடும் படும் மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ், இரண்டு மூன்று மெல்லிய கைகளாக, நடுவே 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து. மரத்தின் இயல்பான தோற்றம் வேண்டிய அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் அழகாக இருக்கும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாவதால், கசங்கிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயவைத்தோ, தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள். வெளியில் வைக்கும் சாமானுக்கு வெயிலைத் தாங்கும் புறப்பூச்சு வேண்டும். கால்களின் வெட்டுமுனைகளில் அதைக் கூடுதலாகப் பூசுங்கள், ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

எதைச் செய்யக் கூடாது?

காய்கறி வெட்டும் பலகை, உணவு நேரடியாகப் படும் தட்டு, கைக்குழந்தையின் தொட்டில் ஆகியவற்றைப் பேலட் மரத்தில் செய்ய வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முத்திரை, பேலட் பிறந்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதன்பின் அதன்மேல் எது கொட்டியது என்பதைச் சொல்வதில்லை.

மீந்த துண்டுகளை எரிக்கலாமா?

வண்ணம் பூசியவை, எம்.பி. முத்திரை உள்ளவை, அழுத்திய மரத்தூள் கட்டைகள் ஆகியவற்றை எரிக்கக் கூடாது, புகை நச்சுடையது. எச்.டி. முத்திரையுள்ள சுத்தமான துண்டுகளை அடுப்பில் எரிக்கலாம், சாம்பலில் மிஞ்சும் ஆணிகளைப் பொறுக்கிவிட்டு. 30 செ.மீ.-க்கு மேற்பட்ட துண்டுகளை எரிப்பதற்கு முன் ஒதுக்கி வையுங்கள். அடுத்த சாமானின் மூலைத்தாங்கல்களுக்கும், ஆப்புகளுக்கும், பூச்சின் நிறத்தை முதலில் சோதித்துப் பார்ப்பதற்கும் அவைதான் பயன்படும்.